‘புத்தகம் மாதிரி பேசுகிறாய்’ என்கிறார்கள்: பென், ஆன்ஃபேன், க்வா எல்லாம் எதற்கு?

நாந்த்_நண்டு | ஞாயிறு, இரவு 10.12

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திருச்சி, மூன்று வருடமாக நாந்த் நகரத்தில் இருக்கிறேன். மென்பொருள் வேலை. எங்கள் தளத்தில் என்னைத் தவிர எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள். மெயில் எழுதினால் யாரும் திருத்துவதில்லை, அந்த அளவுக்கு இலக்கணம் கைவசம் இருக்கிறது. வாயைத் திறந்தால்தான் தகராறு.

போன வாரம் பக்கத்து மேசைப் பெண் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் “நோன், ஜே தேஜா மான்ஜே” என்றேன். இல்லை, சாப்பிட்டுவிட்டேன் என்று அர்த்தம். ஒரு பிழையும் இல்லை. அவள் முகம் சுருங்கிப் போனது. சாயங்காலம் இன்னொருவன் ஓரமாக அழைத்துப்போய், “அவளோடு ஏதாவது மனஸ்தாபமா?” என்று கேட்டான். இல்லவே இல்லை என்றதும் சிரித்துவிட்டு, “நீ புத்தகம் மாதிரி பேசுகிறாய்” என்றான்.

மறுநாள் அதே பெண் அதே கேள்வியை அவனிடம் கேட்டாள். அவன் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன்: “ஆ பென் நோன், ஜே தேஜா மான்ஜே ஆன் ஃபேத், ஆன்ஃபேன் ஜே கிரின்யோத்தே, க்வா.” அவனும் சாப்பிட்டாயிற்று என்றுதான் சொன்னான், ஆனால் அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

அகராதியில் பார்த்தால் ஆன்ஃபேன் என்றால் ‘கடைசியாக’, க்வா என்றால் ‘என்ன’. எதுவும் பொருந்தவில்லை. வகுப்பில் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. குடியுரிமைக்கு 2026 ஜனவரி 1 முதல் பிரெஞ்சு மொழியில் பி2 நிலை கேட்கிறார்கள், முன்பு பி1 போதுமாக இருந்தது. நானும் வாய்மொழித் தேர்வுக்குப் போக வேண்டும். இந்தச் சின்னச் சின்னச் சொற்களைக் கற்றுக்கொள்ள வேண்டுமா, இல்லை கெட்ட பழக்கம் என்று ஒதுக்கிவிடலாமா?

---

லாஷப்பெல்_அக்கா | ஞாயிறு, இரவு 10.48

தம்பி, கட்டாயம் படியுங்கோ. நான் யாழ்ப்பாணம், பாரிசுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். பள்ளிக்கூட கன்ரீனில வேலை. பிரெஞ்சு இலக்கணம் எனக்கு இன்றைக்கும் தட்டுத்தடுமாற்றம்தான், ஆனால் ஒருத்தரும் என்னைக் கோபக்காரி என்று சொன்னதில்லை. காரணம் இந்த ‘பென்’.

யாராவது ஒன்று கேட்டால், அவர் எதிர்பார்க்கிற பதில் உங்களிடம் இல்லை என்றால், முதலில் ‘பென்…’ என்று கொஞ்சம் இழுக்க வேண்டும். ‘கொஞ்சம் பொறு, நீ நினைத்த பதில் வராது’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற மாதிரி. கேட்டவர் மனதைத் தயார்படுத்திக்கொள்வார். பிறகு ‘நோன்’ வந்தால் உறைக்காது. நீங்கள் வெறும் ‘நோன்’ சொன்னது கதவை முகத்தில் சாத்தினது போலத்தான்.

ஆனால் க்வாவில் அவசரப்பட வேண்டாம். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். எங்கட ஊரில் “சாப்பாடு நல்லாயிருக்கு, என்ன?” என்று கதைக்கிறது வழக்கம். க்வா என்றாலும் ‘என்ன’தானே என்று நினைத்து, வந்த புதிதில் கூட வேலை செய்கிறவளிடம் “செ போன், க்வா?” என்று குரலை உயர்த்திக் கேட்டுவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு “க்வா, க்வா?” என்றாள். என்ன நடந்தது, எது நல்லது என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கட ‘என்ன’வுக்கு அங்கே சரியான சொல் ‘ஹேன்’. “செ போன், ஹேன்?” என்றால் போதும்.

(ஹ சத்தம் வராது, மூக்கால்தான் சொல்வார்கள். ‘ஏன்’ என்று எழுதினால் குழம்பும் என்பதால் ஹேன் என்று எழுதுகிறேன்.)

---

நேர்கோடு | திங்கள், காலை 7.30

மாற்றுக்கருத்து. இதெல்லாம் பேச்சுக் குப்பை. பிரெஞ்சுக்காரர்களே இதற்கு ‘திக் து லாங்காஜ்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள், கண் துடிப்பது மாதிரி நாக்குத் துடிப்பு. இன்னொரு பெயர் ‘மோ பெக்கீய்’, ஊன்றுகோல் சொல். நடக்கத் தெரிந்தவனுக்கு ஊன்றுகோல் எதற்கு?

பிரெஞ்சு அகாதெமி 2011 முதல் தன் இணையதளத்தில் ‘சொல்லலாம், சொல்லக்கூடாது’ என்று ஒரு பகுதி நடத்துகிறது. ‘டு கூ’ என்ற சொல்லை எதற்கெடுத்தாலும் ‘ஆகவே’ என்ற பொருளில் போடாதே என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு வெளிநாட்டுக்காரர் சுத்தமாகப் பேசினால் அது அவருக்குப் பெருமை. குறையாக ஏன் பார்க்க வேண்டும்?

---

முட்டை_ஆறு | திங்கள், மதியம் 1.15

நண்டு, நீங்கள் எழுதி வைத்த அந்த ஒரு வாக்கியம் தங்கம். மொழியியல் படிக்கிறேன், ஓர்லெயான் நகரத்தில். அதைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

‘ஆ’: நீ சொன்னது என் காதில் விழுந்தது, எனக்கு இது புதுச் செய்தி. அவள் கூப்பிடுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை என்பதைக் காட்டுகிறது. அதனாலேயே அழைப்புக்கு ஒரு மரியாதை கிடைத்துவிடுகிறது.

‘பென்’: அக்கா சொன்னதேதான். ‘பியேன்’, அதாவது ‘நன்றாக’ என்ற சொல் தேய்ந்து வந்தது. இப்போது அதில் நன்மையும் இல்லை தீமையும் இல்லை.

‘ஆன் ஃபேத்’: ‘நான் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று நீ நினைத்தாய் இல்லையா, நிலவரம் வேறு.’ அவள் நினைத்ததைத் தப்பு என்று சொல்லாமல் திருத்துகிறான்.

‘ஆன்ஃபேன்’: இதுதான் எனக்குப் பிடித்த இடம். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டான், உடனே மனசாட்சி உறுத்துகிறது, கொறிக்கத்தான் செய்தான். ‘கிரின்யோத்தே’ என்றால் கொறித்தேன். சொன்ன சொல்லை வாபஸ் வாங்கி வேறு சொல் வைக்கும் வேலையை ஆன்ஃபேன் செய்கிறது. “திங்கட்கிழமை வந்தான், ஆன்ஃபேன் செவ்வாய்” என்பார்கள். தமிழில் நாம் “திங்கட்கிழமை, இல்ல இல்ல, செவ்வாய்” என்போமே, அதேதான். வேகத்தில் முதல் பாதியை விழுங்கிவிட்டு வெறும் ‘ஃபேன்’ என்பார்கள். முதல் வருடம் முழுக்க வகுப்பில் ஏன் எல்லோரும் மின்விசிறியைப் பற்றியே பேசுகிறார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

‘க்வா’: தேடித் தேடி ஒரு சொல்லைப் பிடித்தாயிற்று, இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல வராது, மீதியை நீ புரிந்துகொள். இந்த வேலையைச் செய்யும் க்வா எப்போதும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும், குரல் இறங்கும். அக்காவுக்கு நடந்த விபத்துக்குக் காரணம் குரல் ஏறியதுதான். ஏறினால் அது கேள்விச் சொல்லாகத்தான் காதில் விழும். ஹேன் கேட்பவரிடம் ஒப்புதல் வாங்கப் போகிறது. க்வா ஒப்புதலை எதிர்பார்க்கவே இல்லை, முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறது.

நேர்கோடு அண்ணா, குப்பை என்றால் எங்கே போட்டாலும் ஒன்றுதான். இவற்றை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். “க்வா ஜே தேஜா மான்ஜே பென்” என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இடம் மாற்ற முடியாத சொல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது.

எக்சான் ப்ரோவான்ஸ் பல்கலைக்கழகத்தில் க்ளேர் பிளான்ஷ் பென்வெனிஸ்த் என்ற பேராசிரியை இருந்தார், 2010இல் காலமானார். பேச்சுப் பிரெஞ்சை ஒலிப்பதிவு செய்து எழுதி ஆராய்வதிலேயே பல பத்தாண்டுகளைச் செலவிட்டவர். தடுமாற்றம், திருத்தம், திரும்பச் சொல்லல் எல்லாம் படிக்காதவர்களின் குறை அல்ல, எல்லோருடைய பேச்சும் அப்படித்தான் உருவாகிறது என்று காட்டினார். எழுதும்போது அடித்துத் திருத்திய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு நல்ல படியை மட்டும் காட்டுகிறோம். பேச்சில் அந்த அடித்தல் திருத்தலும் சேர்ந்தே வெளியே வருகிறது. ஆன்ஃபேன் என்பது அந்த அடித்தல் கோடு.

என் பெயருக்கு விளக்கம் கேட்பீர்கள் என்பதால்: 1968இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிலர் இதே ஓர்லெயானுக்கு வந்து ஊர் மக்களின் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். தங்கள் நாட்டு மாணவர்களுக்கு நிஜப் பிரெஞ்சைக் கற்றுத்தர வேண்டும் என்பது நோக்கம். பேட்டியில் ஒரு கேள்வி, ‘ஆம்லெட் எப்படிச் செய்வீர்கள்?’ டாக்டரானாலும் கடைக்காரரானாலும் முட்டை உடைப்பதைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும். அரசியல் கேட்டால் நாக்கைச் சீராக்கிக்கொள்பவரும் ஆம்லெட் என்றதும் இயல்புக்கு வந்துவிடுவார். 2008 முதல் மறுபடியும் அதே ஊரில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன, எஸ்லோ என்று தேடுங்கள். பேருந்தில் போகும்போது தினம் ஒரு ஆம்லெட் கேட்டாலே போதும்.

---

புதுவை_மணிக்கூண்டு | திங்கள், மாலை 6.02

முட்டை_ஆறு தம்பி, நன்றாக விளக்கியிருக்கிறீர்கள்.

எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுப் புதுச்சேரியில் வாழ்ந்தவர். வீட்டில் அவரிடம் கேட்டுக் கற்ற பிரெஞ்சில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் ‘நெஸ் பா?’ வரும், ‘அப்படித்தானே?’ என்று. அதோடு துலூஸ் நகரத்துக்கு வந்து இறங்கினேன். கடையில் நான் “இல் ஃபே ஷோ, நெஸ் பா?”, சூடாக இருக்கிறது, அப்படித்தானே, என்றதும் கடைக்காரம்மா என்னைக் கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து இறங்கி வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். புத்தகங்கள் இன்னும் நெஸ் பாவைத்தான் கற்றுத்தருகின்றன. தெருவில் அந்த இடத்தில் ஹேன் உட்கார்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது.

இன்னொன்று, போனில் விடைபெறுவது. வீட்டுக்காரம்மா ஒருவர் என்னிடம் பேசி முடிக்கும்போதெல்லாம் “அலே, ஓ ருவார்” என்பார். அலே என்றால் ‘போங்கள்’தானே? வாடகை ஒழுங்காகத்தானே கொடுக்கிறோம், ஏன் விரட்டுகிறார் என்று ஆறு மாதம் மனம் வெந்தேன். பிறகு பார்த்தால் அவர் தன் சொந்த மகளிடமும் அப்படியேதான் முடிக்கிறார். ‘சரி, வச்சிடட்டுமா’ என்று நாம் சொல்வதுதான் அந்த அலே.

பிரெஞ்சுக்காரர்கள் வீட்டிலிருந்து கிளம்புவதைக் கவனியுங்கள், படிப்படியாக நடக்கும். முதலில் யாராவது முழங்காலில் இரண்டு கையையும் தட்டி “போன்” என்பார். நல்லது என்று அர்த்தமில்லை, இந்தப் பேச்சு முடிகிறது என்று அர்த்தம். அப்போதே எழுந்துவிடக் கூடாது, அது அவசரம். இரண்டு நிமிடம் கழித்து “போன் பென்…” வரும். அப்போது கோட்டைத் தேடலாம். “போன் பென் வுவாலா” என்றால் கதவருகே நிற்கிறோம். கடைசியில் “அலே”. நடுவில் யாராவது புதுக் கதை தொடங்கினால் திரும்பவும் முதல் ‘போன்’.

---

நிலா_லியோன் | திங்கள், இரவு 9.20

மணிக்கூண்டு ஐயா, சிரித்து வயிறு வலிக்கிறது. என் மாமியார் வீட்டில் நான்கு ‘போன் பென்’ ஆகும்.

எனக்குப் புரியாத ஒன்று: இங்கே ஒத்துக்கொள்பவர்கள்கூட ‘நோன் மே’ என்று ஆரம்பிக்கிறார்களே? “நோன் மே து அ ரேசோன்” என்றால் ‘இல்லை, ஆனால் நீ சொல்வது சரி’. எது இல்லை, எது சரி?

---

முட்டை_ஆறு | திங்கள், இரவு 9.41

அக்கா, நீங்கள் தமிழில் எத்தனை தடவை “இல்ல, நீ சொல்றது சரிதான்” என்று ஆரம்பித்திருப்பீர்கள்! அதே ‘இல்ல’தான். எதிராளி சொன்னதை அது மறுக்கவில்லை. நான் மறுப்பேன் என்று அவர் நினைத்திருந்தால் அந்த நினைப்பைத்தான் மறுக்கிறது. வாக்குவாதம் சூடாகும்போது நிறைய வரும்.

அதே மாதிரி ‘தியேன்’. ‘பிடி’ என்ற வினை. கையில் ஒன்றைக் கொடுக்கும்போதும் தியேன், எதிர்பாராமல் ஒன்றைப் பார்த்தாலும் “தியேன், இல் ப்ளே!”, அட, மழை. நாம் ‘இந்தா’ என்று நீட்டவும் செய்வோம், ‘இந்தாப்பா, இங்கே பார்’ என்று கூப்பிடவும் செய்வோம். வியப்பில் வரும்போது அது ஒருமை பன்மை பார்க்காது. நீங்கள் என்று மரியாதையாகப் பேசும் ஆளைத் திடீரென்று கண்டாலும் “தியேன்!”தான்.

---

மொன்றியல்_பனி | செவ்வாய், காலை 5.10

கடல் தாண்டி ஒரு குறுக்கீடு. நீங்கள் பேசுவது பிரான்சுக்காரர் சட்டம். இங்கே கியூபெக்கில் ‘டு கூ’ என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், பாஸ்போர்ட் பார்க்க வேண்டாம், பிரான்சிலிருந்து வந்தவர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எங்களுக்கு அந்த இடத்தில் ‘ஃபாக்’. வாக்கியம் முடிகிற இடமெல்லாம் ‘லா’. அப்புறம் ‘கூதோன்’ என்று ஒன்று இருக்கிறது, ‘ஏக்கூத் தோன்க்’, அதாவது ‘கேளேன்’ என்பது ஒட்டிச் சுருங்கியது. ‘அட, என்னப்பா இது’ என்ற தொனியில் வரும்.

தமிழர்களுக்கு மட்டும் இங்கே ஒரு சலுகை. “செ து போன்?” என்று கேட்பார்கள். அந்த ‘து’ நீ இல்லை, கேள்வி விகுதி. நல்லது, நல்லதா? நம் ‘ஆ’ போலவே ஒட்டிக்கொள்கிறது. பாரிசில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாதீர்கள்.

---

நேர்கோடு | செவ்வாய், காலை 8.05

சரி, ஆம்லெட் விஷயத்தில் தோற்றேன். ஆனால் தேர்வு? தெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வின் பி2 வாய்மொழியில் முப்பது நிமிடம் தயாரிப்பு, இருபது நிமிடம் பேச்சு. முதலில் நம் வாதத்தை முன்வைக்க வேண்டும், பிறகு தேர்வாளரோடு விவாதம். அங்கே போய் ‘ஃபேன், க்வா’ என்று இழுத்தால் மதிப்பெண் போகும். ‘ஜான்ர’ சொன்னால் கேட்கவே வேண்டாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மூன்று சொல்லுக்கு ஒரு ஜான்ர. ‘வகை’ என்ற பெயர்ச்சொல் அது, பாவம். யாராவது ஏதாவது சொன்னதைத் திரும்பச் சொல்லவும் ‘அவன் வந்து ஜான்ர…’ என்று தொடங்குகிறார்கள்.

---

லாஷப்பெல்_அக்கா | செவ்வாய், மதியம் 3.30

எங்கட சின்னவள் பேசுகிறதைக் கேட்டால் அண்ணைக்கு மயக்கமே வரும். அவள் தமிழிலும் ஜான்ர போடுகிறாள். “அம்மம்மா ஜான்ர, ஏன் சாப்பிடேல்ல என்று கேட்டவா.”

தேர்வு விஷயத்தில் அண்ணை சொல்கிறது பாதி சரி. வாதம் வைக்கிற பகுதியில் ‘தோன்க்’ (ஆகவே), ‘அலோர்’ (அப்படியானால்) போதும், புத்தகப் பிரெஞ்சே பேசுங்கோ. விவாதப் பகுதி அப்படி இல்லை. தேர்வாளர் மறுத்துக் கேட்கும்போது வாயடைத்து நிற்கிறதைவிட “ஏக்கூத்தே…” என்று தொடங்கினால் ஒரு மூச்சு கிடைக்கும். ‘கேளுங்கள்’ என்று அதட்டுகிற மாதிரி இருக்கே என்று பயப்பட வேண்டாம், அவர்கள் டாக்டரிடமே அப்படித்தான் பதில் சொல்கிறார்கள். க்வாவும் ஜான்ரவும் வீட்டிலேயே இருக்கட்டும்.

---

முட்டை_ஆறு | செவ்வாய், மாலை 5.55

அக்காவோடு ஒத்துப்போகிறேன். நண்டு, என் வரிசை இது: முதலில் பென், பிறகு ஆன்ஃபேன், பிறகு ‘மே போன்’. க்வா கடைசி. பென் தப்பாகப் போட்டாலும் யோசிக்கிறீர்கள் என்று நினைப்பார்கள், க்வா தப்பினால் நேராகக் காதில் குத்தும்.

‘மே போன்’ பற்றி யாரும் சொல்லவில்லையே. “அறை சின்னது, வாடகை அதிகம், மே போன்.” அதோடு நிறுத்திவிட வேண்டும். என்ன செய்வது, விடு என்பதை நீங்கள் சொல்லாமலே அவர்கள் முடித்துக்கொள்வார்கள். ‘தோன்க்’கையும் இப்படி அந்தரத்தில் விடலாம்: “ரயிலைத் தவறவிட்டுவிட்டேன், தோன்க்…” தாமதத்துக்கான மன்னிப்பு அந்த மூன்று புள்ளியில் இருக்கிறது.

---

நாந்த்_நண்டு | வெள்ளி, இரவு 11.02

எல்லோருக்கும் நன்றி. கள நிலவரம் இதோ.

புதன்கிழமை மேனேஜர் ஒரு ஃபைலை ஏற்றியாயிற்றா என்று கேட்டார். உற்சாகத்தில் “பா வுய்!” என்றேன். வுய் என்றால் ஆமாம். ஆபீசில் எல்லோரும் பென்னை ‘பா’ என்றுதான் சொல்கிறார்கள், அதனால் நானும். அவர் புருவத்தைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். என்ன தப்பு?

---

லாஷப்பெல்_அக்கா | வெள்ளி, இரவு 11.15

ஐயோ தம்பி. இழுத்துச் சொல்லி மறுத்தால்தான் பென் பணிவு. ‘வுய்’யோடு சேர்த்து வெடுக்கென்று சொன்னால் ‘இதுகூடத் தெரியாதா, ஏற்றாமல் இருப்பேனா’ என்று அர்த்தம். கூட்டாளிமாரிடம் சொல்லலாம். அவருக்கு “வுய் வுய், செ ஃபே”, ஓம் ஓம், செய்தாயிற்று, போதும்.

---

நாந்த்_நண்டு | வெள்ளி, இரவு 11.31

அது சரி, இப்போது விளங்குகிறது. திங்கட்கிழமை காபி கொடுத்துச் சமாளிக்கிறேன்.

ஆனால் வியாழன் மதியம் அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள். “ஆ பென்…” என்று நன்றாக இழுத்தேன். இழுத்த இழுப்பில் மீதி வாக்கியம் மறந்துபோய்விட்டது. அப்படியே நின்றேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, “தேஜா மான்ஜே?” என்று அவளே முடித்தாள். நான் தலையாட்டினேன். “து வியேன் லாந்தி, அலோர்?” என்றாள். அப்படியானால் திங்கள் வருகிறாயா என்று.

திங்கள் போகிறேன்.

---

லாஷப்பெல்_அக்கா | வெள்ளி, இரவு 11.34

என்ன சாப்பாடு என்று வந்து எழுதுங்கோ.